கடிதத்தை எழுதிய கை

1

இலக்கிய வாசகர்களுக்குக் கொள்ளையர்கள் மீது தீராத காதல் உண்டு. சட்டத்துக்குப் புறத்தே நிற்பவன் அதிகாரத்துக்கு எதிரானவன். அதிகாரத்துக்கு எதிரானவன் மக்களின் பக்கம் நிற்பவன். இப்படி இரண்டே தாவல்களில் முடிவுக்கு வந்துவிடுகிறோம். அவ்விரு தாவல்களுக்கும் இடையே எத்தனை பிணங்கள் கிடக்கின்றன என்று குனிந்து பார்க்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் நெட் கெல்லி இந்தக் காதலுக்கு வாய்த்த மிகச் சிறந்த நாயகர். ஐரிஷ் ஏழைக் குடியானவரின் மகன். கலப்பையின் இரும்பைத் தட்டி வளைத்துக் கவசம் செய்து அணிந்தவர். இருபத்தைந்து வயதில் தூக்கிலேறியவர். 1906-இல் வெளிவந்த உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் அவர் கூட்டத்தைப் பற்றியது. சிட்னி நோலனின் 1946–47 ஓவிய வரிசையில் கருஞ்சதுரத் தலைக்கவசமாக அவர் நின்றார். 2001-இல் புக்கர் பரிசு பெற்ற பீட்டர் கேரியின் நாவலில் தன் கதையைத் தானே சொன்னார். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கின் தொடக்க விழாவிலும் அந்தத் தலைக்கவசங்கள் ஆடின. அரசால் தூக்கிலிடப்பட்டவர் அரசு விழாவின் அலங்காரமாக ஆன பிறகும் அவரைக் கலகக்காரர் என்றே அழைத்துக்கொண்டிருப்பது சற்றே வேடிக்கையானது.

நாம் இங்கே பேச வந்தது நெட் கெல்லியைப் பற்றியன்று. அவருடைய கூட்டத்தில் இருந்த ஜோ பைர்னைப் பற்றி. கெல்லி புராணம் எந்த இடத்தில் உடைகிறது என்று அறிய விரும்புகிறவர், நாயகரை விட்டுவிட்டு அவரது அருகில் நின்றவரைப் பார்க்க வேண்டும் என்பதே நம் வாதம். புராணம் தன் நாயகரை எப்படியும் காப்பாற்றிக்கொள்ளும். துணைப்பாத்திரங்களைக் காப்பாற்ற அது அத்தனை அக்கறை கொள்வதில்லை. உண்மை கசிவது அங்கேதான்.

தொடங்குமுன் ஒன்று. இவர்களைப் பற்றி எழுத அமரும்போது தமிழ் நம்மை உடனடியாக ஒரு தேர்வுக்கு உட்படுத்துகிறது: அவனா, அவரா? கொள்ளையரை 'அவர்' என்றும் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படுபவரை 'அவன்' என்றும் எழுதிவிட்டால் வழக்கு விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ஆகவே இக்கட்டுரையில் கொன்றவர், கொல்லப்பட்டவர், கூலி வாங்கியவர், தப்பி ஓடியவர் அனைவரும் 'அவர்'தாம்.

2

ஜோ பைர்ன் 1856-இல் பிறந்தார். விக்டோரியா காலனியின் வடகிழக்கில், பீச்வொர்த்தை அடுத்த வூல்ஷெட் பள்ளத்தாக்கு அவரது ஊர். 1850-களில் தங்கம் கிடைத்தபோது ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்த பள்ளத்தாக்கு அது. தங்கம் மெலிந்ததும் வந்தவர்கள் கலைந்தார்கள். தோண்டிப் போட்ட மண்ணும், நிலம் போதாத சிறு குடியானவர்களும், எஞ்சிய படிவைக் கிளறிப் பிழைத்த சீனர்களும் மிஞ்சினார்கள். ஜோவின் பெற்றோர் ஐரிஷ் கத்தோலிக்கர். தந்தை ஜோவின் சிறு வயதிலேயே இறந்துபோனார். ஊர்ப் பள்ளியில் ஜோவோடு படித்த பையன்களில் ஒருவர் ஆரன் ஷெரிட். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜோவுக்குக் காண்டனீஸ் பேசத் தெரியும். அபின் பழக்கமும் சீனர் குடியிருப்பிலிருந்தே வந்தது. இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, இனவெறி மிகுந்த காலனியில் இனம் கடந்து பழகிய மனிதர் என்று ஒரு சித்திரம் தீட்டுவது எளிது. ஆனால் 1877-இல் ஒரு சீனரைக் கல்லால் தாக்கியதாக ஜோவும் ஆரனும் நீதிமன்றத்தில் நின்றார்கள் என்பதும் அதே வாழ்வின் பகுதிதான். அவ்வழக்கில் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு திருட்டு இறைச்சி வைத்திருந்ததற்காக இருவரும் ஆறு மாதம் பீச்வொர்த் சிறையில் இருந்தார்கள். ஒரு மொழியைப் பேசத் தெரிவதும், அம்மொழியைப் பேசுகிறவர் மீது கல்லெறிந்ததாகக் குற்றம் சாட்டப்படுவதும் ஒரே இளைஞரின் வாழ்வில் அடுத்தடுத்து நிகழக்கூடியவை. எல்லைப்புறத்து வாழ்க்கை அப்படித்தான் இருந்தது. புராணம் அதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

1878 ஏப்ரலில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற காவலர் கெல்லி வீட்டுக்குப் போனதில் தொடங்கிய மோதல், அக்டோபரில் நெட்டின் தாய் எல்லெனுக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனையில் முடிந்தது. கைக்குழந்தையோடு அவர் சிறைக்குப் போனார். நெட்டும் தம்பி டானும் மலைக்காட்டில் பதுங்கினார்கள். ஜோவும் ஸ்டீவ் ஹார்ட்டும் அவர்களோடு இருந்தார்கள். அக்டோபர் 26 அன்று ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே, தேடிவந்த நான்கு காவலரில் லோனிகன், ஸ்கான்லன், கென்னடி மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கின்டயர் தப்பினார். அந்த ஒரு நாள்தான் ஜோவை, சில்லறைத் திருட்டு வழக்குகளுள்ள ஓர் இளைஞரிலிருந்து, கண்ட இடத்தில் சுடப்படக்கூடியவராக மாற்றியது. விக்டோரியா அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, சட்டத்துக்குப் புறம்பானவர் என அறிவிக்கப்பட்டவரை யாரும் எச்சரிக்கையின்றிச் சுடலாம், விசாரணை தேவையில்லை. அடுத்த ஜனவரியில் அனுதாபிகள் என்று சந்தேகிக்கப்பட்ட இருபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து, சாட்சியம் ஏதுமின்றி, வாரா வாரம் காவலை நீட்டித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள்.

இந்த அரசு நியாயமான அரசு என்று நாம் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வருபவர்களுக்கும் இக்கட்டுரையில் பதில் உண்டு.

3

முதலில் கடிதம். 1878 டிசம்பரில் யூரோவா வங்கியைக் கொள்ளையடித்தபோது சட்டமன்ற உறுப்பினர் டொனால்ட் கேமரனுக்கு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. 1879 பிப்ரவரியில், எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸின் ஜெரில்டெரி ஊரைக் கைப்பற்றியபோது, இன்னொரு நீண்ட கடிதத்தை அச்சடிப்பதற்காகக் கொண்டுபோனார்கள். ஐம்பத்தாறு பக்கங்கள், ஏறத்தாழ 8,000 சொற்கள். அச்சகக்காரர் ஓடிவிட்டார். வங்கியின் கணக்கர் எட்வின் லிவிங்கிடம் கொடுத்து அச்சிடச் செய்யும்படி சொல்லிப் போனார்கள். அவர் அச்சிடச் செய்யவில்லை. கெல்லி உயிரோடிருந்தவரை அக்கடிதம் முழுமையாக அச்சேறவே இல்லை. மூலப்பிரதி 2000-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநில நூலகத்துக்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது.

ஜெரில்டெரிக் கடிதத்தைப் புகழாத இலக்கியவாதி இல்லை. நிறுத்தற்குறிகளைப் பொருட்படுத்தாமல் பாயும் வாக்கியங்கள், வசையின் வளம், சட்டத்தின் மொழியையும் சாராயக்கடையின் மொழியையும் ஒரே மூச்சில் கலக்கும் வேகம் எல்லாம் உண்மைதான். கேரியின் நாவல் முழுவதுமே அந்த மூச்சிலிருந்து பிறந்தது. ஆனால் புகழ்கிறவர்கள் அதை எப்போதும் 'நெட் கெல்லியின் குரல்' என்கிறார்கள். எழுத்துக்குள் சிறைப்படாத, செதுக்கப்படாத, அசலான வாய்மொழி என்று சிலாகிக்கிறார்கள். அந்த 'அசலான வாய்மொழி' ஒரு கையின் வழியாகத் தாளுக்கு வந்தது என்பது அவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு. அந்தக் கை ஜோ பைர்னுடையது என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

எழுத்தைப் பற்றி இரவு பகலாகப் பேசும் நம் போன்றவர்கள் இதைக் கடந்துபோவது விந்தை. ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது என்பது குழாயில் நீர் ஓடுவது போன்றதன்று. எழுதுபவர் எந்தச் சொல்லை விடுகிறார், எங்கே முந்துகிறார், எங்கே கேட்டதை வேறாக ஆக்குகிறார் என்பதெல்லாம் பிரதியின் பகுதி. சொல்லியவரின் கோபம் நெட்டுடையது. தன் தாய்க்கும் சகோதரிகளுக்கும் நேர்ந்ததைச் சொல்லும் குரல் வேறு எவருடையதாகவும் இருக்க முடியாது. பள்ளியில் நன்றாகப் படித்தவர் என்று அறியப்பட்ட ஜோவின் பங்கு, சொன்னதைச் சொன்னபடி கிறுக்கியதோடு நின்றிருக்கும் என்று கொள்வதும் முடியாது. இதை வைத்துக்கொண்டு உண்மையான ஆசிரியர் ஜோதான் என்று இன்னொரு புராணத்தை எழுப்புகிறவர்கள் அதே தவற்றை மறுபுறமிருந்து செய்கிறார்கள். ஒற்றை மேதை என்ற நாற்காலியில் ஆளை மாற்றி உட்காரவைப்பது விமர்சனமாகாது. நாற்காலியையே அப்புறப்படுத்த வேண்டும். அக்கடிதம் இரண்டு பேரின் செயல். சொன்னவரும் எழுதியவரும் அதற்குச் சம பொறுப்பாளிகள்.

பொறுப்பு என்ற சொல்லை வேண்டுமென்றே இடுகிறோம். அக்கடிதம் முறையீடு மட்டுமன்று. ஸ்ட்ரிங்கிபார்க் கொலைகளை நியாயப்படுத்தும் வாக்குமூலம் அது. காவலருக்குத் துணைபோகிறவர்களுக்கு நேரப்போவதை விரிவாகச் சொல்லும் மிரட்டலும் அது. அதன் அழகை மேற்கோள் காட்டுகிறவர்கள் மிரட்டலை அலங்காரச் சொல் என்று கடந்துவிடுகிறார்கள். அது அலங்காரச் சொல்லன்று என்பதை எழுதிய கையே பதினாறு மாதங்களில் நிரூபித்தது.

4

ஆரன் ஷெரிட் ஜோவின் பள்ளித் தோழர், சிறைத் தோழர். ஜோவின் தங்கையை மணப்பதாகவும் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. கூட்டம் தலைமறைவான பிறகு ஆரன் காவல்துறையோடு உறவு வைத்துக்கொண்டார். நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் வாங்கினார். பைர்ன் வீட்டுக்கு மேலே குகையில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்த காவலரோடு தானும் கிடந்தார். அதே ஆரன், கூட்டம் கௌல்பர்ன் பக்கம் போகிறது என்று காவலரிடம் சொன்ன வேளையில் கூட்டம் ஜெரில்டெரியில் இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு காவலரை ஏமாற்றினாரா, இருபுறமும் விளையாடினாரா என்று இயன் ஜோன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நூல்களே எழுதியிருக்கிறார்கள். 1879-இல் ஆரனைத் தம்முடன் வந்து சேரும்படி ஜோ எழுதிய கடிதம் ஒன்றும் எஞ்சியிருக்கிறது. பழைய அன்பு அதில் இன்னும் இருக்கிறது.

1880 ஜூன் 26, சனிக்கிழமை இரவு. ஜோவும் டான் கெல்லியும் ஆரனின் குடிசைக்கு வந்தார்கள். அண்டைவீட்டு ஜெர்மானியர் ஒருவரின் கையில் விலங்கு பூட்டி இழுத்துவந்து, வழி தவறிவிட்டதாகக் குரல் கொடுக்கச் செய்தார்கள். தெரிந்த குரலைக் கேட்டு ஆரன் கதவைத் திறந்தார். ஜோ சுட்டார். உள்ளே ஆரனின் இளம் மனைவியும் மாமியாரும் இருந்தார்கள். ஆரனைக் காப்பதற்கென்று அங்கே வைக்கப்பட்டிருந்த நான்கு காவலர்களும் இருந்தார்கள். அவர்கள் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை, விடியும்வரை.

இங்கேதான் கெல்லி அபிமானிகளிடம் நாம் ஒரு கேள்வியை வைக்கிறோம். ஆரன் துரோகியா, இல்லையா? துரோகி என்றால், மக்கள் ஒன்றுதிரண்டு தங்கள் பிள்ளைகளைக் காத்தார்கள் என்ற கதை விழுந்துவிடுகிறது. அம்மக்களின் நடுவிலிருந்தே, அதே வறுமையிலிருந்தே, அதே பள்ளியிலிருந்தே ஒருவர் ஏழு ஷில்லிங்குக்கு மறுபக்கம் போயிருக்கிறார். துரோகி இல்லை என்றால், தன்னைக் காக்க அரசையே ஏமாற்றிக்கொண்டிருந்த நண்பரை ஜோ கதவு வாசலில் கொன்றிருக்கிறார். இரண்டில் எதை ஏற்றாலும் புராணம் மீள்வதில்லை. அதனால்தான் அபிமானிகள் இக்கொலையை ஒரு சோகக் காட்சியாக மட்டும் எழுதிக் கடக்கிறார்கள். சோகம் என்றால் விதியின் வேலை. விதியின் வேலைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நோலனின் வரிசையில் ஆரனுக்கும் ஓர் ஓவியம் உண்டு என்பதை ஓவியரின் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

எரிக் ஹாப்ஸ்பாமின் 'சமூகக் கொள்ளையர்' கோட்பாடு இவ்விடத்தில் அழைத்துவரப்படும் என்பதை அறிவோம். 1959-இலும் 1969-இலும் வெளிவந்த அவரது நூல்கள், குடியானவர் சமூகங்கள் சில கொள்ளையரைத் தம் நீதியின் கருவிகளாகக் கண்டதை விளக்கின. அக்கோட்பாட்டின் உன்னதக் கொள்ளையர் துரோகத்தால் மட்டுமே வீழ்வார். ஏனெனில் நல்லவர் எவரும் அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். இது வரலாற்று விதியன்று, கதையின் விதி. அதை ஹாப்ஸ்பாமே அறிந்திருந்தார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் மறந்துவிட்டார்கள். கதைக்கு ஒரு துரோகி தேவை. தேவைப்படும் இடத்தில் ஓர் ஆள் நிறுத்தப்படுகிறார். 1972-இல் ஆண்டன் பிளாக் எழுப்பிய மறுப்பை அதே மூச்சில் படிக்க வேண்டும்: கொள்ளையர் பெரும்பாலும் அச்சுறுத்தியது தம்மைப் போன்ற எளியவர்களைத்தான் என்றார் அவர். விலங்கு பூட்டப்பட்டு இருளில் குரல் கொடுத்த அந்த ஜெர்மானியர் நிலக்கிழாரும் அல்லர், வங்கியாளரும் அல்லர்.

5

ஆரனின் கொலை ஒரு திட்டத்தின் முதல் பகுதி. செய்தி கேட்டுக் காவலர் சிறப்பு ரயிலில் விரைவார்கள். கிளென்ரோவன் அருகே தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருக்கும். அந்த ரயிலில் காவலர்கள், குவீன்ஸ்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட பழங்குடித் தடங்காண்போர், நிருபர்கள் எல்லோரும் வந்தார்கள். பள்ளியாசிரியர் தாமஸ் கர்னோ விளக்கைப் பிடித்து ரயிலை நிறுத்தியிராவிட்டால் நிகழ்ந்திருக்கக்கூடியதை எந்தக் கோட்பாடும் எழுச்சி என்று அழைக்க முடியாது. கர்னோவும் ஓர் ஊர்க்காரர்தான். அபிமானிகளின் அகராதியில் அவருக்கும் நல்ல இடம் கிடைத்ததில்லை.

முற்றுகையிட்ட காவலர்கள் செய்தது என்ன? அறுபது பேர் வரை பிணையாக இருந்த மரவீட்டு விடுதியை நோக்கி இரவு முழுவதும் சுட்டார்கள். விடுதி நடத்திய ஆன் ஜோன்ஸின் பதின்மூன்று வயது மகனும், மார்ட்டின் செர்ரி என்ற முதியவரும் அந்தக் குண்டுகளால் இறந்தார்கள். கடைசியில் விடுதிக்குத் தீ வைத்தார்கள். பிணையாக இழுத்துவந்தது கூட்டத்தின் குற்றம். இழுத்துவரப்பட்டவர்கள் மீது சுட்டது அரசின் குற்றம். ஒன்று மற்றொன்றைக் கழுவாது.

ஜோ பைர்ன் விடுதியின் மதுமேடையருகே நின்றபோது குண்டு தொடையிடுக்கில் பாய்ந்தது. கவசம் அங்கே இல்லை. இரத்தம் வடிந்து இறந்தார். வயது இருபத்து மூன்று. எரிந்துகொண்டிருந்த விடுதியிலிருந்து அவருடலை வெளியே எடுத்தார்கள். விரலில் ஸ்கான்லனின் மோதிரம் இருந்தது. ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையில் இறந்த காவலரின் மோதிரத்தை இருபது மாதங்கள் அணிந்திருந்த அந்தக் கைதான் ஏழைகளின் முறையீட்டையும் எழுதியது. இதை ஒரே வாக்கியத்தில் எழுதத் துணியாத எந்த நூலும் ஜோ பைர்னைப் பற்றிய நூலாகாது.

மறுநாள் பெனல்லாவில், காவல்நிலையச் சிறையின் கதவில் அவ்வுடலைக் கயிற்றால் கட்டி நிறுத்தினார்கள், புகைப்படம் எடுப்பதற்காக. ஜே. டபிள்யூ. லிண்ட் எடுத்த படம் இன்றும் உலகெங்கும் அச்சிடப்படுகிறது. உடலைப் படம் எடுக்கும் இன்னொரு புகைப்படக்காரரையும், வேடிக்கை பார்க்க நின்றவர்களையும் சேர்த்து எடுத்த படம் அது. பின்னர் அவருடைய உருவம் மெழுகில் வார்க்கப்பட்டு மெல்பர்னில் கட்டணத்துக்குக் காட்டப்பட்டது. உடல் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படவில்லை. பெனல்லா இடுகாட்டில் ஓசையின்றிப் புதைக்கப்பட்டது. சட்டத்தின் மாண்பைக் காக்கப் புறப்பட்டதாகச் சொன்ன அரசு, தான் வேட்டையாடியதைத் தொங்கவிட்டுக் காட்டிய அந்த நாளை, 'அவர்கள் வெறும் குற்றவாளிகள்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் விளக்க வேண்டும். பரிசுத் தொகையான 8,000 பவுண்டு பங்கிடப்பட்ட விதத்தையும் அவர்கள் விளக்கட்டும். கண்காணிப்பாளர் ஹேருக்கு 800 பவுண்டு. பழங்குடித் தடங்காண்போர் ஒவ்வொருவருக்கும் 50 பவுண்டு என ஒதுக்கிய குழுவே, அதை அவர்கள் கையில் நேரடியாகக் கொடுக்கலாகாதென்றும் பரிந்துரைத்தது.

6

அப்படியானால் நாம் எந்தப் பக்கம் என்று கேட்கப்படலாம். இரண்டு பக்கங்கள் மட்டுமே உண்டு என்ற அனுமானத்தைத்தான் நாம் மறுக்கிறோம். அரசு கொடியது என்பதால் அதை எதிர்த்துச் சுட்டவர் நீதிமான் ஆகிவிடுவதில்லை. சுட்டவர் கொலையாளி என்பதால் அரசு நீதியுள்ளதாகவும் ஆகிவிடுவதில்லை. இலக்கியம் இந்த எளிய உண்மையைத் தாங்கிக்கொள்ளக்கூடிய இடம் என்று நம்பித்தான் நாமெல்லாம் படிக்கத் தொடங்கினோம். இன்று அந்த இலக்கியமே கவசத்தின் கண்துளை வழியாக மட்டும் உலகைப் பார்க்கச் சொல்கிறது. கண்துளை குறுகலானது, நேரெதிரே நிற்கும் காவலர் தெரிவார், பக்கத்தில் கதவைத் திறக்கும் ஆரன் தெரியமாட்டார்.

திரைப்படங்கள் ஜோவை அழகான சோக இளைஞராக்கின. 2003-இல் வந்த படத்தில் ஆர்லாண்டோ புளூம் அவராக நடித்தார். எழுதுகிறவர்கள் அவரை நெட்டின் விசுவாசமான எழுத்தராக்கினார்கள். இவ்விரு வேடங்களிலும் அவருக்குத் தன் செயலென்று எதுவும் இல்லை. அவரைக் கொலையாளி என்று சொல்வது அவரை இழிவுபடுத்துவதாகாது. எழுதத் தெரிந்த, இரு மொழி பேசிய, தேர்ந்தெடுக்கும் திறன் கொண்ட மனிதராக அவரை நடத்துவது அது. வறுமை அவருக்கு முன்னிருந்த வழிகளைக் குறைத்தது உண்மை. அந்தச் சனிக்கிழமை இரவில் இருந்த வழி ஒன்றே ஒன்றுதான் என்று சொல்வது பொய்.

ஜெரில்டெரிக் கடிதத்தை வாசிக்கத்தான் வேண்டும். அதன் வேகத்துக்கு ஈடான உரைநடை அந்நூற்றாண்டின் காலனி எழுத்தில் அரிது. வாசித்து முடித்ததும் லோனிகன், ஸ்கான்லன், கென்னடி, ஆரன் ஷெரிட் என்ற நான்கு பெயர்களையும் உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு பெனல்லாவின் கதவில் தொங்கும் உடலைப் பார்க்க வேண்டும். மூன்றையும் செய்த பின்னும் எஞ்சும் வியப்பு எதுவோ, அதுதான் அக்கடிதத்துக்கு நாம் தரக்கூடிய நேர்மையான மதிப்பு. அதைவிட அதிகமாகத் தருவது ரசனை அன்று, சலுகை.